கொட்டியாரக் குடாவில் ஒரு வர்த்தகப் பாடம்

திருகோணமலைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பிரட்ரிக் கோட்டையைப் பார்ப்பார்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிப்பார்கள். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு மாலையைக் கழித்துவிட்டுப் பஸ் ஏறுவார்கள். துறைமுகத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஏறத்தாழ 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு; எந்தப் பருவக்காற்றிலும் கப்பலுக்கு அடைக்கலம் தரும் ஆழமான இயற்கைத் துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நான்கு நாட்டவர் இதற்காக மோதிக்கொண்டதில் வியப்பில்லை.

எனது சகோதரியின் மகன் நிலாவெளி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வர்த்தகம் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போன நாளில், சீனக்குடாப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம் என்று நான்தான் அழைத்தேன். அவனிடம் ஒரு கேள்வி இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்போடு சேர்த்துச் சர்வதேச வர்த்தகத்தில் ஒரு சான்றிதழ் எடுக்கலாமாம். உலகம் முழுவதையும் மேலோட்டமாகப் படிக்காமல் ஒரு பிராந்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் படிப்பதாம். "அது பிரயோசனமா மாமா? நான் எந்தப் பிராந்தியத்த எடுக்கலாம்?" என்று கேட்டான்.

இந்தப் படிப்பு என்னவென்று வாசகர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவன் தன் பட்டத்துக்குரிய பாடங்களைப் படித்துக்கொண்டே மேலதிகமாகச் சில பாடங்களை எடுக்கிறான். அவற்றில் ஒரு பங்கு ஏற்றுமதி, இறக்குமதி, வங்கி நடைமுறை, சந்தைப்படுத்தல். மறு பங்கு அவன் தெரிவு செய்த பிராந்தியத்தின் மொழி, வரலாறு, சமயம், சட்டம். சில இடங்களில் அந்த நாட்டிலேயே சில மாதங்கள் தங்கவும் வேண்டும். அமெரிக்காவில் 1958இல் பிற நாட்டு மொழிகளையும் பிராந்தியங்களையும் படிப்பதற்கு அரசு பணம் ஒதுக்கியது. 1988இல் வந்த வர்த்தகச் சட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழகங்களில் சர்வதேச வர்த்தகக் கல்விக்கான நிலையங்கள் அமைக்கப்பட்டன.

இதைப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பனி தன் இளம் உத்தியோகத்தர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் படிப்பிப்பதற்காகவே 1806இல் இங்கிலாந்தில் ஒரு கல்லூரியை ஆரம்பித்தது. அங்கே பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் கற்பித்தார்கள். பொருளாதாரம் கற்பித்தவர், சனத்தொகை பற்றி எழுதிப் புகழ்பெற்ற மால்தஸ். நம்மை ஆள வந்தவர்கள் நமது மொழியையும் கணக்கையும் ஒரே கூரையின் கீழ் படித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

சீனக்குடாவில் இறங்கினோம். பிறீமா மாவு ஆலையின் உயர்ந்த கொள்கலன்கள் தெரிந்தன. அது சிங்கப்பூர் நிறுவனம். 1977இல் ஒப்பந்தம், 1980இல் உற்பத்தி. கோதுமை விளையாத நாட்டில் கோதுமை ஆலை! கப்பலில் வரும் தானியத்தை ஆழ்கடல் துறைமுகத்தின் ஓரத்திலேயே அரைத்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். அதே குடாவில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை. நம் நாட்டுத் தமிழ் வர்த்தகர் ஏ.வை.எஸ். ஞானம் ஜப்பானிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1982இல் தொடங்கியது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் படிப்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

அப்பால் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள். ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவற்றுள் 99 தாங்கிகள் இன்று கணக்கில் இருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். அந்தக் கம்பனியில் நமக்கு 51 வீதம், இந்திய நிறுவனத்துக்கு 49 வீதம். சிங்கப்பூர், ஜப்பான், இந்தியா மூன்றும் ஒரு குடாவுக்குள். ஒவ்வொன்றும் நம்மோடு பேரம் பேசிய விதம் வேறு. மறைந்த அமைச்சர் அஷ்ரஃப் அவர்களின் பெயரைத் தாங்கிய இறங்குதுறையும் இங்கேதான் இருக்கிறது. அவர் 1994 முதல் 2000இல் விபத்தில் மறையும்வரை துறைமுகங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர்.

பிராந்தியத்தை அறியாமல் வியாபாரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு, குடாவின் மறுகரையில் மூதூரில் ஒரு சாட்சி இருக்கிறது. 1659ஆம் ஆண்டின் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் பொருத்தவும் அதற்கிடையில் துணி விற்கவும் கொட்டியாரத்துக்கு வந்தது. தலைவர் ரொபர்ட் நொக்ஸ். அதே பெயருள்ள மகனும் கூட வந்திருந்தார். அப்போது மகனுக்கு வயது 20ஐ எட்டவில்லை. கரையில் ஊர்மக்களோடு நல்ல உறவு, விற்பனையும் நடந்தது. ஆனால் கண்டியில் இருந்த இரண்டாம் இராஜசிங்க மன்னனுக்கு, நாங்கள் இன்னார், இன்ன நோக்கத்துக்காக வந்தோம் என்று ஒரு செய்தியும் அனுப்பவில்லை. மன்னனுக்குச் சந்தேகம் வந்தது. 1660 ஏப்ரலில் ஆட்களை அனுப்பிப் பிடித்துக்கொண்டு போனான். தந்தை அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 வருடங்களுக்கு மேல் மலைநாட்டில் கைதி. பிடிபட்ட இடமென்று சொல்லப்படும் 'வெள்ளைக்காரன் மர'த்தை மூதூரில் இன்றும் காட்டுவார்கள்.

ஒரு கடிதமும் சிறு காணிக்கையும் போதாமல் போன கதை என்று இதை விட்டுவிடலாம். ஆனால் பின்பாதிதான் எனக்குப் பிடித்தது. இளைய நொக்ஸ் அந்த மக்களின் மொழியைக் கற்றார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார் (அதை என் மருமகனுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்). பிறகு புகையிலை, மிளகு, வெள்ளைப்பூண்டு, சீப்பு, இரும்புச் சாமான்களைச் சுமந்துகொண்டு வடக்கு நோக்கி ஊர் ஊராக விற்கப் போனார். எந்த ஊரில் எது விலைபோகும், எந்தப் பாதையில் காவல் உண்டு என்பதெல்லாம் அந்த வியாபாரத்தில்தான் தெரியவந்தது. 1679இல் அதே வியாபாரி வேடத்தில் நடந்தே மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது.

இதைக் கேட்டுவிட்டு மருமகன் சிரித்தான். "பத்தொன்பது வருசக் கோர்ஸ்" என்றான்.

அன்று பின்னேரம் கிண்ணியாவிலுள்ள அவன் வீட்டுக்குப் போனோம். முன்பெல்லாம் 'பாதை'யில் ஏறித்தான் அந்த நீரைக் கடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் பாலம் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்டது. எங்கள் ஊர்களுக்கும் அரபு நாடுகளுக்கும் உள்ள மற்றத் தொடர்பு எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ உம்மாமார், வாப்பாமார், பிள்ளைகள் அங்கே வீட்டுப் பணிக்கும் சாரதி வேலைக்கும் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் எழும்பிய வீடுகள் தெருவுக்குத் தெரு.

மருமகனின் வாப்பாவுக்கு இந்தப் படிப்பில் நம்பிக்கையில்லை. "மச்சான், இந்தச் சேட்டிபிக்கட் சோறு போடுமா? கட்டாருக்கு விசா ஒண்டு வந்திருக்கு. ரெண்டு வருசம் போய்ட்டு வந்தா தங்கச்சிட கலியாணத்த முடிக்கலாம்" என்றார். அந்தக் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை. குமருள்ள வீட்டின் கணக்கு வேறு.

ஆனாலும் சொன்னேன். அரபு நாட்டோடு நடக்கும் வர்த்தகத்துக்கு ஆள் தேவை. நமது பிள்ளைகள் சிறுவயது முதல் அரபு எழுத்தை வாசிக்கிறார்கள். மத்ரஸாவில் ஓதியவர்கள் கொள்வினை, விற்பனை பற்றிய பாடத்தை ஃபிக்ஹ் நூலில் வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். முன்பணம் கொடுத்துப் பிறகு பொருளைப் பெறும் ஸலம், ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முளாரபா எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்தச் சொற்கள் இன்று வங்கிக் கவுண்டருக்கே வந்துவிட்டன. 2005இல் நமது வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய முறைக்கு இடம் கிடைத்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. ஆனால் அதே மவ்லவியிடம் ஒரு நாணயக் கடிதத்தைக் கொடுத்தால் திகைப்பார். எல்.சி. என்று கடைத்தெருவில் சொல்வார்களே, அதுதான். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, பத்திரங்களையே பார்க்கிறது. அவற்றில் ஒரு விவரம் பொருந்தாவிட்டாலும் பணம் நின்றுவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வர்த்தகம் படித்த பிள்ளைக்கோ அது தெரியும், அரபு தெரியாது. கிதாபில் உள்ள அரபும் துபாய்க் கடைத்தெரு அரபும் வேறு என்பது இருவருக்கும் தெரியாது.

சிறு விஷயங்களே காரியத்தைக் கெடுக்கும். சவூதியில் 2013 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு இராச்சியம் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறி வெள்ளியை அரைநாளாக்கியது. பக்கத்து நாடுகளே இப்படி. ஈரானுக்கு நாம் கொடுக்கவேண்டியிருந்த எண்ணெய்க் கடன் 2021இல் 25 கோடி டொலருக்குச் சற்று மேல். அதை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தார்கள். பொருளாதாரத் தடையால் வங்கி வழியே பணம் அனுப்ப முடியாத இடத்தில், அந்த நாட்டு மக்கள் தேயிலைப் பிரியர்கள் என்ற அறிவு கைகொடுத்தது.

குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நாம் தொழுகையில் ஓதுகிறோம். குளிர்காலத்தில் யமன், கோடையில் ஷாம். வழியிலுள்ள கோத்திரங்களோடு உடன்பாடு செய்துகொண்டுதான் போனார்கள். எங்கும் அலையாமல் இரண்டே திசைகளை நன்றாக அறிந்திருந்தார்கள்.

மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, எவ்வளவு முடியும்?" என்றார். அது நியாயமான கேள்வி. 'சர்வதேச' என்ற சொல்லைப் போட்டுப் பெரிய தொகை கேட்கும் நிறுவனங்கள் எங்கும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். பட்டம் தருகிற நிறுவனமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? தொழிற்பயிற்சி நிறுவனமென்றால் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா? இதைவிட, கையிலிருப்பதைச் சேர்த்துக்கொள்வது மலிவு. கோணேசபுரியில் தொடர்பாடலும் வர்த்தகமும் ஒரே பீடம். மொழித்துறையும் முகாமைத்துறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடமும் முகாமைத்துவ, வர்த்தக பீடமும் ஒரே வளவில் உண்டு. இந்தக் கட்டிடத்துப் பிள்ளை அந்தக் கட்டிடத்துக்குப் போய் ஆறு பாடம் படிக்க வழி செய்து, அதற்கொரு சான்றிதழும் கொடுத்தால் வெளிநாடு போகத் தேவையில்லை. பொறுப்பிலுள்ளவர்கள் யோசிக்கட்டும்.

மருமகன் கடைசியில் தெரிவு செய்தது வளைகுடாவை அல்ல, வங்காள விரிகுடாவை. சென்னை, சிட்டகொங், யங்கோன். "மாமா, நம்மட துறைமுகம் பாத்துக்கொண்டிருக்கிறதே அந்தப் பக்கம்தானே" என்றான். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் இந்தியாவோடு 2000ஆம் ஆண்டு மார்ச் முதல் நடைமுறையிலுள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை அவன் அச்சிட்டு வைத்திருந்தான். தீர்வைச் சலுகை பெற ஒரு பொருளில் 35 வீதப் பெறுமதி இங்கே சேர்ந்திருக்க வேண்டுமென்ற விதியின் கீழ்ச் சிவப்பு மையில் கோடு. வாப்பாவிடம் கட்டார் விசாவுக்கு ஒரு வருடத் தவணை கேட்டிருக்கிறான். அவர் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்.