அப்பமும் தண்ணீரும்

மாலைச் செபமாலை முடிந்ததும் விவிலியத்தில் ஓர் அதிகாரம் வாசித்தல் நம் இல்லத்தின் நெடுநாளைய வழக்கம். வாசிக்கும் பொறுப்பு, கண் மங்கிய நம்மிடமிருந்து பெயர்த்தியிடம் சென்று ஓராண்டு ஆகிறது. அன்று இணைச் சட்டம் 23ஆம் அதிகாரம். அம்மோனியரும் மோவாபியரும் பத்தாம் தலைமுறையிலும் ஆண்டவரின் சபையில் நுழையலாகாது என்னும் கட்டளையை அவள் வாசித்தாள். அதற்குச் சொல்லப்பட்ட முதற்காரணத்தையும் வாசித்தாள்: எகிப்தினின்று வெளியேறி வந்த இஸ்ரயேலரை அவர்கள் அப்பத்தோடும் தண்ணீரோடும் எதிர்கொள்ளவில்லை.

"தாத்தா, தண்ணீர் கொடுக்காததற்காகப் பத்துத் தலைமுறைக்கா?" என்றாள்.

நாம் விடை கூறவில்லை. விடை தெரியாமை மட்டும் அதற்குக் காரணம் அன்று. அவ்வினா நம் மதிலுக்கு அப்பாலுள்ள மற்றொரு வீட்டையும் தொட்டது. அதனைப் பின்னர்ச் சொல்வோம். அன்றிரவு உறக்கம் வராமையால், அம்மோனியர் யாவர் என்று திருநூலின் ஏடுகளில் தேடத் தொடங்கினோம். சில வாரங்கள் தேடினோம்.

அவர்கள் அயலார் அல்லர், உறவினர். ஆபிரகாமின் சகோதரன் மகனாகிய லோத்தின் இளைய மகள் வழியே அம்மோனியர் தோன்றினர் என்கிறது தொடக்க நூல். அப்பிறப்பு நாணத்திற்குரிய சூழலில் நிகழ்ந்தது என்பதையும் அது மறைக்கவில்லை. ஆயினும் அதே இணைச் சட்ட நூல், தன் 2ஆம் அதிகாரத்தில், லோத்தின் வழிமரபினரைத் துன்புறுத்த வேண்டா, அவர்களோடு போரிட வேண்டா, அந்நிலத்தை அவர்களுக்கு உடைமையாகத் தந்தவர் ஆண்டவரே என்று இஸ்ரயேலரைத் தடுக்கிறது. ஒரே நூலில் காக்கும் சொல்லும் விலக்கும் சொல்லும் உள்ளன. உறவினரிடையே மட்டுமே இப்படி இருக்க முடியும் போலும்!

அவர்களுடைய தலைநகர் இரபா. யாபோக்கு ஆற்றின் ஊற்றுக்கண் அருகே, குன்றின்மேல் அமைந்த நகர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி அதற்குப் பிலதெல்பியா எனப் பெயரிட்டான். பிற்காலத்தில் அது தெக்கப்பொலி நகரங்களுள் ஒன்றாயிற்று. இன்று அதுவே யோர்தான் நாட்டின் தலைநகராகிய அம்மான். பெயரிலேயே பழைய அம்மோன் ஒலிக்கிறது. எருசலேமிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவுதான். அம்மோனியரின் மொழியும் எபிரேயத்திற்கு மிக நெருங்கிய கிளைமொழியே. மொழி புரியாமையால் மூண்ட பகை அன்று அது.

பகையின் கணக்கோ நீளமானது. ஆர்னோன் முதல் யாபோக்கு வரையுள்ள நிலம் எம்முடையது என்று அம்மோனிய மன்னன் உரிமை கோரினான். இப்தா தூதர் வழியாக வழக்குரைத்தும் பயனின்றிப் போர் மூண்டது. வெற்றிக்காக இப்தா நேர்ந்த பொருத்தனைக்கு அவருடைய ஒரே மகள் பலியானாள். நாகாசு என்னும் மன்னன் யாபேசு-கிலயாது மக்களின் வலக்கண்களைத் தோண்டுவேன் என்றான். அவர்களைக் காக்கச் சவுல் படை திரட்டினார். நாகாசு இறந்தபின் ஆறுதல் கூறத் தாவீது அனுப்பிய தூதர்களின் தாடியைப் பாதி சிரைத்து, உடையைப் பாதி கத்தரித்து அனுப்பினான் அவன் மகன் ஆனூன். அதனால் மூண்ட போரில் இரபா முற்றுகையிடப்பட்டது. கிலயாதின் கர்ப்பிணிகளை எல்லை விரிவுக்காக அம்மோனியர் கீறிக் கொன்றதை இறைவாக்கினர் ஆமோஸ் கண்டித்தார். இவை சிறு குற்றங்கள் அல்ல.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் ஒன்று உண்டு. அந்த இரபாவின் மதிலடியில்தான், தாவீதின் மடலைத் தன் கையாலேயே சுமந்து சென்ற உரியா, தன் அரசரின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். பகைவரின் வாள் அங்கே தாவீதின் பாவத்திற்குக் கருவியாயிற்று. பிறர் குற்றத்தைத் தண்டிக்கச் சென்ற படையே நம் குற்றத்தையும் மறைக்கப் பயன்படுகிறது என்பதை எண்ணுகையில் உள்ளம் நடுங்குகிறது.

தேடலின் நடுவில் சாமுவேல் இரண்டாம் நூலின் 17ஆம் அதிகாரத்தை அடைந்தோம். பலமுறை வாசித்த பகுதிதான். ஆயினும் ஒரு பெயரை அதுவரை கவனித்ததில்லை. மகன் அப்சலோமுக்கு அஞ்சி, தாவீது யோர்தானைக் கடந்து மகனயிமுக்கு ஓடிவருகிறார். பாலைநிலத்தில் பசித்தும் களைத்தும் தாகத்தோடும் வந்த அவரையும் மக்களையும் மூவர் எதிர்கொள்கின்றனர். அம்மூவருள் ஒருவர் சோபி, அம்மோனியரின் இரபாவைச் சார்ந்தவர், நாகாசின் மகன். படுக்கைகள், கிண்ணங்கள், மண்கலங்கள், கோதுமை, வாற்கோதுமை, மாவு, வறுத்த தானியம், அவரை, பயறு, தேன், வெண்ணெய் எனப் பட்டியல் நீள்கிறது. தாவீதின் படை அழித்த நகரிலிருந்து வந்தவர், தாவீதுக்கு உணவு கொண்டுவந்தார்! அப்பமும் தண்ணீரும் தராதவர் என்று எழுதப்பட்ட இனத்தில் ஒருவர், கேளாமலே தந்தார்.

இதன்பின் ஏடுகள் தாமே திறந்தன. தாவீதின் வீரர் பட்டியலில் அம்மோனியராகிய செலேக்கு என்னும் பெயரைக் கண்டோம். சாலமோனின் மகன் ரெகபெயாமின் தாய் நாமா. அவர் அம்மோனியப் பெண் என்று அரசர்கள் முதல் நூல் கூறுகிறது. மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியலில் நாமாவின் பெயர் இல்லை. ஆனால் ரெகபெயாமின் பெயர் உண்டு. அதற்கு முன்வரியில் உரியாவின் மனைவியும் உண்டு. விலக்கப்பட்ட குலத்தின் குருதி, நம் ஆண்டவரின் மூதாதையர் வரிசையில் அமைதியாகக் கலந்திருக்கிறது. மோவாபியராகிய ரூத்தைப் போற்றும் நாம் நாமாவை மறந்தோம். எருசலேமுக்குக் கிழக்கே வேற்றுத் தெய்வமாகிய மில்க்கோம் வழிபாட்டுக்கு இடம் தந்தவர் சாலமோன் என்பதும் உண்மையே. அதன் சுமையையும் அம்மோனின்மேல் மட்டும் ஏற்றலாகாது.

நம் கத்தோலிக்கத் திருநூலிலுள்ள யூதித்து நூலில் அக்கியோர் வருகிறார். அம்மோனியர் தலைவராகிய அவர், ஒலோபெரின் முன்னிலையில் இஸ்ரயேலின் கடவுளைப் பற்றி உண்மை உரைத்ததற்காகக் கட்டப்பட்டு, பெத்தூலியா மலையடியில் விடப்பட்டார். இறுதியில் கடவுளை நம்பி, விருத்தசேதனம் பெற்று, இஸ்ரயேல் வீட்டாரோடு இணைந்தார். பத்தாம் தலைமுறைக்கு அடைத்த கதவு, நம்பிக்கை கொண்ட ஒருவருக்குத் திறந்தது. யூத மரபின் மிஷ்னாவிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. யூதா என்னும் அம்மோனியர் சபையில் சேரலாமோ என வினவியபோது, கமாலியேல் மறுத்தார். யோசுவா என்னும் அறிஞரோ, அசீரிய மன்னன் செனகெரிபு இனங்களை எல்லாம் கலந்துவிட்டான் என்று வாதிட்டார். அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அம்மோனியரைக் கடுமையாகச் சாடிய எரேமியாவும், 49ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் அவர்களுடைய நல்வாழ்வைத் திரும்பத் தருவார் என்றே அப்பகுதியை முடிக்கிறார்.

1972ஆம் ஆண்டில், அம்மானிலுள்ள யோர்தான் பல்கலைக்கழக வளாகத்தில், தெல் சீரான் என்னும் மேட்டில் ஒரு சிறு வெண்கலக் குப்பி கிடைத்தது. நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அதன்மேல் அம்மினதாபு என்னும் அம்மோனிய மன்னனின் பெயரும், அவனுடைய திராட்சைத் தோட்டமும் நந்தவனமும் பொறிக்கப்பட்டுள்ளன. நெடுநாள் மகிழ்ந்திருக்க வேண்டும் என்ற விருப்பமும் உண்டு. உள்ளே கோதுமை, வாற்கோதுமை மணிகள் இருந்தன. போர்ச் செய்திகளால் மட்டுமே நாம் அறிந்த மக்கள், தோட்டம் வைத்தனர்; மகிழ்ச்சியை வேண்டினர்; தானியத்தைச் சேமித்தனர்.

இனி மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டைச் சொல்ல வேண்டும். அது நம் சிறிய தந்தையாரின் மகன் வீடு. நம் தந்தையார் இறந்த நாளில், துக்க வீட்டில் அடுப்பு எரியாதபோது, அவ்வீட்டிலிருந்து சோறு வரவில்லை. அதனை 19 ஆண்டுகளாக நாம் மறக்கவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் சென்ற மாரிக்காலத்தில் நாம் காய்ச்சலில் கிடந்தபோது, அதே வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி வந்தது. மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பியவர் நாமே. இதைப் பெயர்த்தியிடம் சொன்னதில்லை.

தரப்படாத அப்பத்தை எழுதிவைக்கும் கை, தரப்பட்ட அப்பத்தை எழுதுவதில்லை. திருநூலோ இரண்டையும் எழுதியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெயர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தோம். தம்பி வெளியே வந்து திகைத்து நின்றார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டோம்.

தம்பி மனைவி செம்பு நிறையக் கொண்டுவந்தார். "இன்னும் வேண்டுமா அண்ணா?" என்றார் தம்பி. வேண்டும் என்றோம்.