பணிந்து நிமிரும் இரும்பு

மோட்டார் சைக்கிள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது அதன் வேகமும் ஓசையுமே. ஆனால் மேடு பள்ளம் நிறைந்த சாலைகளில் ஓட்டுபவரின் கைகளைக் காப்பது எது தெரியுமா? முன்சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் போர்க்குகள்தாம். பட்டறைகளில் இதை ‘ஷாக்அப்சர்’ என்பார்கள். அதைச் சரிசெய்யப் பழகிய அனுபவத்தை அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அக்காள் தங்கை நாங்கள் இருவர். எங்கள் அப்பா லேத் பட்டறைத் தொழிலாளி. பதிவுப் புத்தகத்துடன் ஒரு பழைய வண்டியின் சட்டத்தையும் இஞ்சினையும் வாங்கினார். மற்ற உறுப்புகளைச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். ஒன்றரை ஆண்டில் வீட்டு முற்றத்திலேயே வண்டி உருவாகிவிட்டது!

வண்டி ஓடியது. ஆனால் வேகத்தடை வரும்போதெல்லாம் முன்பக்கம் ‘டங்’கென்று அடிவரை இடித்தது. அப்பாவின் வலது மணிக்கட்டு முன்பொருமுறை முறிந்து கூடியது. அதிர்ச்சி முழுவதும் அங்கேதான் ஏறியது. ஒரே வாரத்தில் கை வீங்கிவிட்டது. “போகட்டும், விற்றுவிடலாம்” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கோ மனம் பொறுக்கவில்லை.

“நீங்கள் சொல்லுங்கள் அப்பா, நாங்கள் செய்கிறோம்” என்றோம்.

“பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஸ்பேனர் எதற்கு?” என்று முணுமுணுத்தார் பாட்டி.

“பிடிப்பது யார் கை என்று போல்ட்டுக்குத் தெரியாதம்மா” என்று அப்பா சிரித்தார்.

போர்க்கினுள் முக்கியமானவை இரண்டு: ஸ்பிரிங், எண்ணெய். ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதை உடனே திருப்பித் தரும். அது மட்டும் இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளும். எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறித் துள்ளல் அடங்குகிறது. இவ்வாறு எண்ணெயால் அடங்கும் குழாய்ப் போர்க்கை 1935-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் ஆர்12 வண்டியில் பொருத்தி விற்றது.

முதலில் அளந்தோம். முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, வெளியே தெரியும் குழாயின் நீளத்தைக் குறித்துக்கொண்டோம். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, அப்பாவை அதன்மேல் அமரச் செய்தோம். குழாய்களுக்குள் உராய்வு இருப்பதால் ஒருமுறை அளந்தால் போதாது. கைப்பிடியை அழுத்தி மெல்ல விட்டபோது போர்க் 58 மி.மீ. அமிழ்ந்திருந்தது, தூக்கி மெல்ல விட்டபோது 50 மி.மீ. இரண்டுக்கும் நடு 54. எங்கள் போர்க்கின் மொத்த அசைவோ 130 மி.மீ. ஓட்டுபவர் அமர்ந்ததும் அதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை அமிழ்வதே பொதுவான முறை. எங்கள் வண்டி அதிகமாக அமிழ்ந்ததால், பள்ளத்தைத் தாங்க மீதமிருந்தது வெறும் 76 மி.மீ.தான்!

தெரிந்த மெக்கானிக் ஒருவர், “கெட்டியான எண்ணெயை ஊற்றுங்கள், இடிப்பது நிற்கும்” என்றார். அப்பா தலையசைத்து மறுத்தார். எண்ணெய் மிகக் கெட்டியானால் திடீர் அடியில் போர்க் விறைத்துக்கொள்ளும். வலி இன்னும் கூடும்.

ஆகவே முன்சக்கரத்தை உயர்த்தி வைத்துப் போர்க்கின் மேல்மூடிகளைக் கழற்றினோம். ஸ்பிரிங் மூடியைத் தெறிக்கவிடும் என்பதால் முகத்தை விலக்கி, கையால் அழுத்திக்கொண்டே கடைசிப் புரியைத் திருகினோம். பிளாஸ்டிக் குழாயில் 15 மி.மீ. துண்டுகள் இரண்டு அறுத்து, முனைகளை அரத்தால் சமமாக்கி, வாஷருடன் ஸ்பிரிங்குகளின் மேல் வைத்தோம். இதனால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. 1678-இல் ஹூக் வெளியிட்ட விதியை நாம் வகுப்பில் படித்திருக்கிறோமே! இவ்வளவு விசைக்கு இவ்வளவு சுருக்கம் என்ற கணக்கு மாறுவதில்லை. வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. மீண்டும் அளந்தோம். 39 மி.மீ.! பள்ளங்களுக்கு இப்போது 91 மி.மீ. மீதமிருந்தது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பது அப்பாவின் கட்டளை. அதனால் மறுநாள்தான் எண்ணெயைக் கவனித்தோம். வடித்துப் பார்த்தால் வலது காலில் இருந்ததைவிட இடது காலில் மிகக் குறைவு. கையேட்டில் சொன்ன எண்ணெயை இரண்டிலும் சம அளவாக ஊற்றினோம்.

அன்று மாலை அப்பா தெருக்கோடி வேகத்தடைவரை ஓட்டிப் போனார். ‘டங்’ ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். வரவில்லை! திரும்பி வந்தவர் கையை விரித்து மடக்கிக் காட்டினார். விற்கும் பேச்சு அத்துடன் நின்றது. இப்போது அவர் பட்டறைக்குப் போவது அந்த வண்டியில்தான். பாட்டியும், “என் தையல் மிஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்களேன்” என்று எங்களையே கூப்பிடுகிறார்.

தோழியரே! சாலையின் பள்ளங்களையெல்லாம் நம்மால் நிரப்பிவிட முடியாது. விறைத்து நின்றால் அடி நமக்கே. அளவின்றி அமிழ்ந்தாலும் அடி நமக்கே. அளந்து பணியவும் அமைதியாக நிமிரவும் தெரிந்த இரும்பு ஒரு கையைக் காத்தது. நாமும் அதனிடம் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?