டாக்டர் ஓட்டிய வண்டி

55 லட்ச ரூபாய்க் காரை ஏழு வருடம் கழித்து 11.5 லட்சத்துக்கு வாங்கிவிடலாம். ஆனால் அதற்குப் போடுகிற சாமான் 55 லட்ச ரூபாய்க் காரின் சாமான்தான். வண்டி பழசாகிவிட்டது என்பதற்காக ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் யாரும் விலையைக் குறைப்பதில்லை. பெருந்துறைப் பக்கத்துக் கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் 2019-இல் வக்கீலான என்னிடம் வந்தபோது அவருடைய குறை இதுதான். இதை வைத்து எந்த மன்றத்திலும் வழக்குப் போட முடியாது. சாமான் விலை அதிகம் என்பது சட்டத்தின் கண்ணில் குறைபாடு அல்ல.

கட்டுக் கம்பிக்குக்கூடக் கணக்கு எழுதுகிறவர் அவர். காருக்கென்று தனி நோட்டு வைத்திருந்தார். 2018 ஜூலையில் பழைய கார் டீலர் ஒருவரிடம் வாங்கிய ஜெர்மன் செடான், 2011 மாடல். 14 மாதச் செலவு வரிசையாக இருந்தது: முன்பக்க ஏர் சஸ்பென்ஷன் இரண்டும் கம்ப்ரஸரும் 2,85,000, பிரேக் டிஸ்க், பேட் 78,000, ரன்-ஃபிளாட் டயர் நான்கு 96,000, கியர்பாக்ஸ் ஆயில் சர்வீஸ் 32,000, இன்சூரன்ஸ் 46,000, ஒயரிங்கும் இரண்டு கன்ட்ரோல் யூனிட்டும் 3,10,000. ஆக மொத்தம் 8,47,000 என்று அடிக்கோடு போட்டிருந்தார்.

“வண்டி வாங்குன காசு போனாப் போகுதுங்க சார். ரிப்பேருக்குப் போட்ட காசாவது வருங்களா?”

எனக்கு நோட்டில் ஒயரிங் என்ற கடைசி வரிதான் உறுத்தியது. ரப்பர் காற்றுப்பை ஏழு எட்டு வருடத்தில் வெடித்துக் கசியும். கசிகிற பையை நிரப்ப ஓயாமல் ஓடி கம்ப்ரஸரும் போகும். அது வயசுக் கோளாறு. ஒயரிங் எதற்காகப் போக வேண்டும்? மெக்கானிக்கைப் பார்க்க கோயம்புத்தூர் காந்திபுரத்துக்குப் போனேன். அவர் பேசவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துக் காட்டினார். உள்ளே சுருண்டே கிடக்கும் பகுதியில் குறுக்காக ஒரு செம்மண் கோடு. பிறகு சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கினார். கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு. “தண்ணில நின்ன வண்டிங்க இது” என்றார். நெம்பர் சென்னை நெம்பர். 2015 டிசம்பர் வெள்ளம் என்று மனசு உடனே சொன்னது. மனசு சொல்வதை மன்றம் ஏற்காது.

ஆதாரம் டீலர் கொடுத்த ஃபைலுக்குள்ளேயே கிடந்தது. பழைய ஓனரின் 2016-ஆம் வருட பாலிசி நகலில் நோ கிளைம் போனஸ் பூஜ்யம். முந்தின வருடம் கிளைம் வாங்கியிருந்தால் இப்படி வரும். வேறு காரணமும் இருக்கலாம். மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஆவணங்களை வரவழைக்க மனுவும் போட்டோம். சர்வேயர் அறிக்கை வந்தது: வெள்ளம், சீட் மட்டம் வரை தண்ணீர். ரிப்பேர்ச் செலவு வண்டியின் காப்பு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழுச்சேதம். இந்த வண்டி தாண்டியிருந்தது. சால்வேஜ் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியை ஓனருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் அதைத் தேற்றி, பாலீஷ் போட்டு, கோயம்புத்தூருக்கு அனுப்பியிருக்கிறார்.

டீலரின் பதிலுரையில் முதல் வாதம், தான் வெறும் புரோக்கர் என்பது. ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் இல்லைதான். முதல் ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்று ஃபாரம் 29, 30 கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது. இந்தத் தொழிலில் அன்று அதுதான் நடைமுறை. ஆனால் 11.5 லட்சமும் அவருடைய கடையின் கணக்குக்கே போயிருந்தது. புரோக்கருக்கு முழுக் கிரயம் எதற்கு? (2023 ஏப்ரல் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழைய கார் டீலர்களுக்கென்று ஒரு பிரிவு வந்துவிட்டது. விற்பதற்காகத் தன்னிடம் வந்த வண்டிக்கு டீலரே பொறுப்பு. அன்று அது இருந்திருந்தால் எனக்கு மூன்று வாய்தா மிச்சமாகியிருக்கும்.)

அடுத்தது, ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சடித்த டெலிவரி நோட்டில் என் கட்சிக்காரர் போட்ட கையெழுத்து. சொந்த டிரைவரோடு வந்து ஓட்டிப் பார்த்தாரே என்றும் கேட்டார்கள். 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, சோதித்துப் பார்த்து வாங்கியவன் அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்லக்கூடாது என்கிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற களிம்பு டெஸ்ட் டிரைவில் தெரியுமா? அதற்கும் மேலே எங்களிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தது: ‘ஃப்ளட், ஆக்சிடென்ட் எதுவும் இல்லை. டாக்டர் ஓட்டிய வண்டி.’ மின்னணுச் சாட்சியத்துக்கான 65பி சான்றிதழோடு தாக்கல் செய்தோம். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் டாக்டர்களே ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

கோரிக்கைத் தொகைதான் தலைவலி. அன்றைய 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளின் மதிப்பும் நஷ்டஈடும் சேர்ந்து 20 லட்சத்துக்குள் இருந்தால்தான் மாவட்ட மன்றம். இல்லையென்றால் சென்னைக்கு அலைய வேண்டும். விலையும் நோட்டுக் கணக்கும் சேர்ந்து 19,97,000. மன உளைச்சலுக்கு மிஞ்சியது 3,000 ரூபாய். டயரையும் இன்சூரன்ஸையும் வெட்டினோம். கட்சிக்காரருக்கு அதில் வருத்தம்தான். (இப்போதைய சட்டத்தில் கொடுத்த கிரயத்தை மட்டுமே பார்க்கிறார்கள். 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே போடலாம்.)

விசாரணையில் அந்த நோட்டையே எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுத்துக்கொண்டார். வரி வரியாகப் படித்து, இது தேய்மானம், இது பராமரிப்பு, புது வண்டியாக இருந்தாலும் இது மாற்ற வேண்டியதுதான் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒயரிங் வரிக்கு வந்ததும் வேகமாகப் பக்கத்தைப் புரட்டினார்.

2021-இல் வந்த உத்தரவும் கிட்டத்தட்ட அப்படியே பிரித்தது. வெள்ளத்தை மறைத்தது முறையற்ற வணிக நடைமுறை. ஒயரிங், கன்ட்ரோல் யூனிட் செலவு 3,10,000, நஷ்டஈடு ஒரு லட்சம், வழக்குச் செலவு 10,000. சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் கிடையாது. 14 மாதம் ஓட்டியதால் விலையைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள். என் கட்சிக்காரருக்குக் கோபம். எனக்கு அந்தப் பிரிப்பு சரியென்றே பட்டது. ஏமாற்றியதற்கு டீலர் கொடுக்கலாம். ரப்பருக்கு வயதாவதற்கு அவர் என்ன செய்வார்? வெள்ளத்தையே காணாத, உண்மையிலேயே ஒரு டாக்டர் ஓட்டிய வண்டியாக இருந்திருந்தாலும் நோட்டில் 5,37,000 ஏறியிருக்கும். அதுவும் 14 மாதத்துக்கு.

டீலர் மேல்முறையீடு போனார். பழைய சட்டத்தில் அதற்கு 25,000 கட்டினால் போதும், ஆகவே எல்லோரும் போவார்கள். அங்கே பேசி 3,75,000-க்கு முடித்துக்கொண்டோம். வண்டியை விற்றுவிடச் சொன்னேன். விற்பனை ஒப்பந்தத்தில் 2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று ஒரு வரி சேர்த்தேன். 3,80,000-க்குப் பேசியிருந்த ஆள் அந்த வரியைக் காட்டி 40,000 குறைத்தார். என் கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். வரியை எடுக்கவில்லை, 3,40,000-க்குக் கையெழுத்துப் போட்டார்.