அட்டன் மேடையில் ஒரு மூதாட்டி

நாவலப்பிட்டியைக் கடந்து புகையிரதம் மலையேறத் தொடங்கியதும் குளிர் நம்மைத் தழுவிற்று. 4,000 அடிக்கும் மேலான உயரத்திலுள்ள அட்டனில் இறங்கினோம். மழைத்தூறல்; எங்கும் தேயிலைப் பசுமை.

மேடையில் கொய்யாப்பழம் விற்ற மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தோம். "இந்த எடத்துலதாங்கய்யா எங்கண்ணனை வழியனுப்புனோம்" என்றார்.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'.

கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் மனத்தாங்கலும் பொய்யன்று. 1840ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கிற்று. அங்கே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. பறித்தவர் வெள்ளைத்துரை, பழி விழுந்ததோ கூலிக்கு வந்தவன் தலையில்! 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்தவரையும் அந்நியராக்கிற்று.

"அண்ணன் அங்கே சௌக்கியமாக இருந்தாரா, அம்மா?"

"கோத்தகிரிப் பக்கம் கவ்வாத்து வெட்டுனாருங்க. அங்க அவரைச் 'சிலோன்காரன்'னாங்களாம். இங்க எங்களைக் 'கள்ளத்தோணி'ன்னாங்க."

தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது உண்மையே. ஆயினும் ஊரார் வாயை எந்த அரசு அடைக்கும்? 1984இல் இராமேசுவரக் கப்பலும் நின்றது. அண்ணன் அதன்பின் வரவேயில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மையார் இலங்கைப் பிரசையானார். "அண்ணனுக்குக் கடுதாசி போட்டேனுங்க. அது போய்ச் சேர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு."

நானுஓயா செல்லும் வண்டி வந்தது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு சன்னல் பக்கம் விரைந்தார்.