அப்பாவும் பன்னிரண்டு வளைவும்

பி.காம். படித்த பிள்ளை, அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுதப் போனால் எந்த அப்பா சும்மா இருப்பார்? என் அப்பா சும்மாதான் இருந்தார். மூன்று மாசம் என்னோடு பேச்சே கிடையாது!

அந்தச் சமயத்தில்தான் ஓசூர் சிப்காட் டூல் ரூம் நண்பர்கள் எங்கள் வீட்டு மாடியில் ஸ்லாட் கார் டிராக் கட்டினார்கள். 1957-ல் இங்கிலாந்தில் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்ற பெயரில் வந்த விளையாட்டு. பிளைவுட்டில் ரவுட்டரால் பள்ளம் வெட்டி, இருபுறமும் செப்புப் பட்டை ஒட்டி, 12 வோல்ட் கரன்ட் கொடுக்கணும். காருக்கு அடியில் இருக்கும் பின், பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஸ்டீயரிங் கிடையாது. வேகம் மட்டும்தான் நம் கையில்!

டிசைன்? இருங்காட்டுக்கோட்டை டிராக்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி, 1990-ல் திறந்தது. நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் கிளப்பின் ரேஸ்.

நாங்கள் 'சோழவரம்' என்று பேசியது கீழே கேட்டிருக்கிறது. அப்பா மாடியேறி வந்துவிட்டார். வாலிப வயசில் பார்த்த ரேஸாம்!

என் கார் முதல் வளைவிலேயே எகிறிப் போய், கொடியில் காய்ந்த அவர் வேட்டியில் மோதியது. கன்ட்ரோலரை வாங்கினார். அவர் கார் பன்னிரண்டு வளைவையும் நிதானமாகச் சுற்றி வந்தது.

"அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தா எகிறத்தான்டா செய்யும். வளைவு வர்றப்ப கொஞ்சம் விட்டுடணும்."

அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"உன் கட்டுரை எப்ப வருது?"