நிலமும் பொழுதும்

பயணம் செல்ல விரும்புவோர் உள்ளத்தில் முதலில் எழுவது 'எங்கே செல்வது?' என்னும் வினா. அதற்கு விடை கண்டதும் 'எப்போது செல்வது?' என்னும் அடுத்த வினா எழுந்துவிடுகிறது. முதல் வினாவுக்கு என் தாயார் பல ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லியிருந்தார். கம்போடிய நாட்டில் திருமாலுக்காக எழுப்பப்பட்ட அங்கோர் வாட் கோவிலைக் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். இரண்டாம் வினாவுக்குத்தான் நான் விடை தேடிக்கொண்டிருந்தேன்.

பயண நூல்கள் யாவும் ஒரே குரலில் பேசின. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். ஏப்ரலில் வெயில் வாட்டும். மே முதல் அக்டோபர் வரை மழை. எங்கள் கோடை விடுமுறையோ வெயிலில் வரும். காலாண்டு விடுமுறையோ மழையில் வரும். அரையாண்டு விடுமுறையில் செல்லலாம் என்றால், விமானக் கட்டணம் என் ஊதியத்திற்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பணி ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் அம்மா சொன்னார்: "நீ நல்ல காலத்துக்குக் காத்திரு, தம்பி. என் முழங்கால் காத்திருக்குமா?"

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியிலேயே புறப்பட்டோம்.

வெப்பமண்டல நாடுகளில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. அங்கே பருவத்தைப் பிரிப்பது பெரும்பாலும் மழையே. அந்த மழையைக் கொணர்வது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கம்போடியாவை நனைக்கும் மாதங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் தமிழகத்தின் பெரும்பகுதி குறைந்த மழையே பெறுகிறது. நிலப்பரப்பைக் கடந்து கம்போடியாவுக்கு வறண்டு வரும் வடகிழக்குக் காற்று, வங்கக் கடலில் ஈரத்தை முகந்துகொண்டு நமக்கு மழையாகிறது. அவர்களுக்கு உலர்காலம் தொடங்கும்போது நமக்குக் கார்மேகம் திரள்கிறது. காற்று ஒன்றே, நிலத்துக்கு நிலம் அதன் பொருள் வேறு.

நூல்களின் எச்சரிக்கை பொய்க்கவில்லை. கதிரவன் எழும் காட்சியை மேகம் மறைத்தது. பாசி படர்ந்த படிகள் வழுக்கின. ஒரு பகல் முழுவதும் விடுதி அறையிலேயே கழிந்தது. ஆயினும், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அக்கோவிலின் அகழி நிரம்பித் ததும்பியது. கூட்டமும் குறைவாக இருந்தது. உச்சிப் படிகளில் அம்மாவால் ஏற இயலவில்லை. கீழ்த்திசைக் கூடத்தில், ஏறத்தாழ 49 மீட்டர் நீளச் சுவரில், தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. வெளியே மழை கொட்ட, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவர் மெல்ல நடந்தார். விரைந்து நகருமாறு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் தொன்லே சாப் ஏரிக்குச் சென்றோம். உலர்காலத்தில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் இந்த ஏரி, மழைக்கால உச்சத்தில் சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. மழை மட்டும் இதற்குக் காரணமன்று. மற்ற மாதங்களில் ஏரியின் நீரை மீகாங் ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் தொன்லே சாப் ஆறு, மீகாங் பெருகும்போது திசை திரும்பி ஏரிக்குள்ளேயே பாய்கிறது. கரையோரக் காடுகள் நீரில் மூழ்க, மீன்கள் அந்த மரங்களினூடே இனம் பெருக்குகின்றன. அந்நாட்டு மக்களின் உணவில் பெரும்பங்கு இந்த வெள்ளத்தில்தான் விளைகிறது. மூன்று ஆள் உயரக் கால்களின்மேல் நின்ற வீடுகளின் வாயிலில் படகுகள் கட்டப்பட்டிருந்தன.

காவிரிப் பாசன ஊரில் பிறந்த அம்மா, நெடுநேரம் அந்த நீரைப் பார்த்தபடி இருந்தார். "ஆற்றில் தண்ணீர் வரும்போது வராமல், வேறு எப்போது வருவதாம்?" என்றார்.

ஆண்டுதோறும் வகுப்பில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று கற்பித்து வருகிறேன். முல்லைக்குக் கார்காலத்தையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் வகுத்த நம் முன்னோர், அந்த நிலத்து வாழ்வு எப்போது முழுமையாக விளங்கும் என்றே நோக்கினர். நாமோ நம் உடைகள் நனையாத காலத்தைத் தேடுகிறோம். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் மழையையும் வெயிலையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால், எதைக் காணச் செல்கிறோம், யாருடன் செல்கிறோம் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் 'உகந்த காலம்' ஒன்றைக் குறிக்க இயலாது.

அடுத்த ஆண்டும் நவம்பர் வந்தது. பயண நூல்கள் போற்றும் அந்தத் தெளிந்த காலத்தில், அம்மாவால் எங்கள் வீட்டு வாசற்படியைக்கூட இறங்க முடியவில்லை. திண்ணைச் சுவரில் சாய்ந்தவாறு, எதிர்வீட்டுச் சிறுமிக்கு அவர் பாற்கடல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் மழையும் பெய்தது.