தம்பி இறங்குற ஸ்டேசன்

போன மாசம் எங்க அன்னதானக் குழு சேர்ந்து பிரெஞ்சு படம் பார்த்த போட்டோவைப் போட்டிருந்தோம். ரெண்டு மூணு பெரியவங்க வருத்தப்பட்டுக் கேட்டாங்க: "கோயில் தொண்டூழியர்களுக்கு வெள்ளைக்காரன் காதல் படம் எதுக்கு?" கேட்க வேண்டிய கேள்விதான். முதல்ல ஒண்ணு சொல்லிடறோம், பார்த்தது கோயில் மண்டபத்துல இல்லை. கிள்ளான்ல எங்க குழு அண்ணன் ஒருத்தர் வீட்டுல. திருவிழா முடிஞ்சு, கடைசி அண்டாவையும் கழுவிக் கவுத்துட்டு, உட்கார்ந்தா எந்திரிக்க முடியாத நிலைமையில பார்த்தது.

பாரிஸ்னா காதல் நகரம்னு நமக்குச் சொல்லிக்கொடுத்ததே சினிமாதான். எங்க அப்பா அம்மா காலத்துக்கு 1967-ல வந்த 'ஆன் ஈவினிங் இன் பாரிஸ்', ஷம்மி கபூர். எங்களுக்கு 2001-ல வந்த 'அமெலி'. மோன்மார்த்ர் குன்றுல காப்பிக்கடையில வேலை பார்க்கிற பொண்ணு. தன் வீட்டுச் சுவத்துக்குள்ள யாரோ ஒரு பையன் எப்பவோ ஒளிச்சு வெச்ச விளையாட்டுச் சாமான் பெட்டி கிடைக்குது. அதை உரியவர்கிட்ட சேர்க்கிறா, ஆனா தன்னைக் காட்டிக்கல. பேர் எழுத வேணாம்னு சொல்லி அரிசி மூட்டையை இறக்கிட்டுப் போற நம்ம உபயகாரர் சிலரை நினைச்சுக்கிட்டோம். (பிள்ளைங்களோட பார்க்கிற படம் இல்லை. ரிமோட் கையிலயே இருந்துச்சு.)

அன்னைக்கு எங்களோட ஈழத்து அக்கா ஒருத்தரும் இருந்தாங்க. வெள்ளிக்கிழமை தவறாம மடப்பள்ளியில காய் நறுக்க வர்றவங்க. ஐ.நா. அகதி அட்டையை வெச்சுக்கிட்டு பல வருஷமா காத்திருக்காங்க. மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல சேராத நாடு, அதனால இங்கேயே நிலைச்சிருக்கவும் வழியில்லை. கூடப்பிறந்த தம்பி பாரிஸ்ல. பார்த்துப் பதிமூணு வருஷம் ஆச்சு.

படத்துல ஒரு ரயில் நிலையம் வரும். கதாநாயகன் போட்டோ பெட்டிக்கு அடியில கையை விட்டு, கிழிச்சுப் போட்ட படங்களைப் பொறுக்குவான். அக்கா சட்டுனு, "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்றார். எழுந்து டிவி கிட்டப் போனார். "இது கார் து லெஸ்ட் தானே? தம்பி இறங்குற ஸ்டேசன்." கதாநாயகனை அவர் பார்க்கவே இல்லை. பின்னால நடந்து போற ஆட்களையே பார்த்தார். பிறகு தானே சிரிச்சுக்கிட்டு, "படம் எடுக்கேக்க அவன் பள்ளிக்கூடத்துல" என்றார்.

அப்புறம்தான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். அமெலி வேலை பார்த்த காப்பிக்கடை பாரிஸ் 18-ஆம் வட்டாரம். 1985-ல ஈழத்தமிழர் தொடங்கின மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிற பஜோல் தெருவும் அதே 18-ஆம் வட்டாரம்! பக்கத்துல லா சப்பல், நம்ம பிரிக்பீல்ட்ஸ் மாதிரி தமிழ்க் கடைத்தெரு. விநாயகர் சதுர்த்தியை ஒட்டி அங்க தேர் ஓடும், நடுத்தெருவுல குவியல் குவியலா தேங்காய் உடைப்பாங்க. தம்பி தேங்காய் ஓடு கூட்டுற குழுவாம். அப்ப நம்ம ஆளு! பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலை எழுப்பினதும் இலங்கையிலேருந்து இங்க வேலைக்கு வந்தவங்கதான். போன இடத்துல முதல்ல ஒரு கோயில். அந்த வழக்கம் மாறலை.

அடுத்த சனிக்கிழமை 'தீபன்' போட்டோம். ஜாக் ஓதியார் எடுத்தது, 2015-ல கான் விழாவோட தங்கப்பனை வாங்கின படம். பிரெஞ்சு படம்தான், ஆனா பாதிக்கு மேல பேசுறது நம்ம தமிழ். நடிச்சவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. முன்பின் தெரியாத மூணு பேர், செத்துப்போன ஒரு குடும்பத்தோட பாஸ்போர்ட்டுல புருஷன், பெண்சாதி, மகள்னு சொல்லிக்கிட்டு பிரான்ஸ் போறாங்க. அமெலியில பார்த்த பாரிஸ் இதுல இல்லை. கடைசிச் சண்டை எங்களுக்குப் பிடிக்கலை, சினிமாத்தனம். ஆனா முதல் அரைமணி நேரம் யாரும் முறுக்குத் தட்டுல கை வைக்கலை.

பாஸ்போர்ட் காட்சியிலயே அக்கா எழுந்து குசினிக்குப் போயிட்டார். ஏற்கெனவே கழுவி வெச்ச கிளாஸ்களை மறுபடி கழுவுற சத்தம். "அக்கா, நிறுத்திடவா?" "வேண்டாம், நீங்கள் பாருங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்." பிரெஞ்சு படத்தை குசினியில நின்னுக்கிட்டே அவர் கேட்டார். எங்கள்ல யாரும் திரும்பிப் பார்க்கலை.

முடிஞ்சதும் வந்து, "அந்த ஸ்டேசனை இன்னொருக்கா போடுங்கோ" என்றார். இங்க ராத்திரி 11, அங்க சாயங்காலம். தம்பிக்கு வீடியோ கால் போட்டு, போனை டிவி பக்கம் திருப்பிப் பிடிச்சார். தம்பி கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "அக்கா, நான் வாறது இந்த வாசலால இல்லை, மற்றப் பக்கத்தால" என்றார். அக்கா எங்ககிட்டத் திரும்பி, "மற்றப் பக்கம் படத்துல வருமோ?" என்றார். கடைசி வரைக்கும் ஓட்டித் தேடினோம். முடிக்கும்போது மணி ஒண்ணரை.

வர்ற வெள்ளிக்கிழமை காய் நறுக்க ஆள் குறையுது. காலை 6 மணிக்கு வரமுடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க. கத்தி கொண்டு வந்தா நல்லது.